பகலில் தூங்குகிறவர்கள்

எம்.கே.பி. நகரில் பகலில் தூங்குகிறவர்களுக்கு ஒரு தனி மரியாதை உண்டு. துறைமுகம், எண்ணூர் அனல்மின் நிலையம், மணலி எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை, திருவொற்றியூர்த் தொழிற்சாலைகள் என்று ஏதாவது ஓர் இடத்துக்கு இரவு வேலைக்குப் போய்வந்தவர் இங்கே பல வீடுகளில் உண்டு. அப்பா காலையில் வந்து படுத்துவிட்டால் டி.வி. வாய் மூடிக்கொள்ளும். பிள்ளைகள் மட்டையை எடுத்துக்கொண்டு அடுத்த பிளாக்குக்கு ஓடிவிடும். கீரை விற்கும் அம்மாகூட அந்த ஜன்னலுக்குக் கீழே மட்டும் குரலைத் தாழ்த்துவார். 'நைட் ஷிஃப்ட்' என்ற இரண்டு வார்த்தை போதும். அதற்கு மேல் யாரும் விளக்கம் கேட்க மாட்டார்கள்.

அந்த மரியாதையை ரயிலேற்றி, ஆந்திராவில் இருக்கும் ஒரு குகை வரைக்கும் கொண்டுபோன பெரியவர் ஒருவரைப் பற்றியது இது. துறைமுகத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அதில் பாதிக்கு மேல் இரவு வேலை. இப்போது மனைவி, மகள், ஏழாம் வகுப்புப் படிக்கும் பேரன் ஆகியோருடன் எம்.கே.பி. நகர் குடியிருப்பில் இருக்கிறார்.

கையெழுத்துக்கு வந்த காகிதம்

போன வருடம் காலாண்டு விடுமுறைக்குக் கொஞ்சம் முன்னால் அவர்கள் பிளாக்கில் ஒரு காகிதம் வீடு வீடாக வந்தது. வாசலில் நிற்கும் வாதாம் மரத்தை வெட்ட வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. காரணம், வௌவால். காலையில் எழுந்து பார்த்தால் ஸ்கூட்டர் சீட்டெல்லாம் மென்று துப்பிய நாரும் எச்சமும். அது போதாதென்று, கேரளாவில் நிபா என்று செய்தி வரும்போதெல்லாம் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழு கொதிக்கும். கீழ் வீட்டில் ஒரு வயதுக் குழந்தை தவழ்ந்துகொண்டிருக்கிறது. அந்தத் தாயின் பயத்தை யாரும் வீண் பயம் என்று தள்ளிவிட முடியாது.

பெரியவர் கையெழுத்துப் போடவும் இல்லை, மாட்டேன் என்று சொல்லவும் இல்லை. "ஊருக்குப் போய்ட்டு வந்து பேசிக்கலாம்பா" என்று காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தார். மகள் அரக்குப் பள்ளத்தாக்குக்குப் பயணம் ஏற்பாடு செய்திருந்தாள். வழியில் பொர்ரா குகை. பேரன் அதை வீடியோவில் பார்த்து வைத்திருந்தான்.

சென்னை சென்ட்ரலில் ஏறினால் ஓர் இரவில் விசாகப்பட்டினம். மறுநாள் காலை அங்கிருந்து கிரண்டுல் ரயில். கிழக்குத் தொடர்ச்சி மலையைக் குடைந்து, சுரங்கம் சுரங்கமாகப் புகுந்து ஏறும் அந்தப் பாதை சுற்றுலாவுக்குப் போட்டதல்ல. சத்தீஸ்கரின் பைலாடிலா சுரங்கத்திலிருந்து இரும்புத்தாதுவை விசாகப்பட்டினம் துறைமுகத்துக்கு இறக்கி, ஜப்பானுக்கு அனுப்ப 1960-களில் போட்ட பாதை. எதிரே வந்த சரக்கு வண்டியில் படிந்திருந்த செந்தூளைப் பார்த்ததும் பெரியவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சென்னைத் துறைமுகத்திலும் அதே தூள்தான். ராயபுரத்தில் கொடியில் காயும் வெள்ளை வேட்டியெல்லாம் சிவந்துபோன காலம் ஒன்று உண்டு. 2011-ல் உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகுதான் அங்கே நிலக்கரியும் இரும்புத்தாதுவும் கையாள்வது நின்றது. "இங்க வந்தும் இது வுடல பாரு" என்றார் மனைவியிடம்.

பசு விழுந்த பிலம்

பொர்ரா குகாலு என்றே ஒரு ரயில் நிலையம் இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 700 மீட்டர் உயரத்தில், அனந்தகிரி மலையில் குகை. 'பொர்ரா' என்றால் அந்தப் பக்கத்து மொழியில் பொந்து. மேய்ந்துகொண்டிருந்த பசு ஒன்று மேலே இருந்த துளை வழியாக உள்ளே விழுந்துவிட்டதாம். தேடிப்போன மாட்டுக்காரர், பசு உயிரோடு நிற்பதையும் பக்கத்தில் லிங்கம் போன்ற ஒரு கல்லையும் கண்டாராம். இன்றும் அந்தக் கல்லுக்குப் பூசை நடக்கிறது. கோஸ்தனி ஆற்றுக்கும் பசுவின் மடி என்றுதான் பொருள்.

வாசலே ஒரு கல்யாண மண்டபம் அளவுக்கு இருக்கும். படியிறங்க இறங்க வெளிச்சம் குறைந்து, குளிர்ச்சி ஏறும். ஆழம் சுமார் 80 மீட்டர். கூரையிலிருந்து ஆலம் விழுதுபோலத் தொங்கும் கற்கள், தரையிலிருந்து அவற்றை நோக்கி எழும் கற்கள். மழைநீர் மண்ணில் இறங்கும்போது கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு லேசான அமிலமாகிறது. அது சுண்ணாம்புப் பாறையைக் கரைக்கிறது. கரைந்த சுண்ணாம்பு, சொட்டு சொட்டாக விழும் இடத்தில் மறுபடி கல்லாக உறைகிறது. நூறு ஆண்டில் ஓர் அங்குலம் வளர்ந்தாலே அதிகம். தொட்டால் கையின் எண்ணெய்ப்பசை படிந்து அதுவும் நின்றுபோகலாம். பச்சை, சிவப்பு விளக்குகள் அந்தக் கற்களுக்கு வண்ணம் பூசிக்கொண்டிருந்தன. வெயிலே படாத பாறையில், விளக்கைச் சுற்றி மட்டும் பாசி பிடித்திருப்பதைப் பேரன் கண்டுபிடித்தான். எல்லாச் சுற்றுலாக் குகைகளுக்கும் இருக்கும் தொல்லைதான் இது. விளக்கு போகும் இடத்துக்குப் பாசியும் கூடவே போகும்.

பாதையின் ஓர் இருண்ட மூலையில் கூட்டம் நின்று மேலே பார்த்தது. கூரையில் கறுப்பாக, கொத்துக் கொத்தாக வௌவால்கள். கூட்டத்திலிருந்த இளைஞர் ஒருவர் செல்போன் டார்ச்சை அவற்றின் மேல் அடித்து, விரலை வாயில் வைத்து ஒரு விசிலும் அடித்தார். கொத்து கலைந்தது. பத்திருபது வௌவால்கள் படபடவென்று சுற்ற ஆரம்பித்தன. சிலர் கை தட்டினார்கள், சிலர் வீடியோ எடுத்தார்கள்.

பெரியவர், துறைமுகத்தில் கூட வேலை பார்த்தவர்களிடம் கற்றுக்கொண்ட தெலுங்கில் சொன்னார்: "லைட் ஆபண்டி பாபு, நித்ரபோதுன்னாயி." விளக்கை அணைப்பா, தூங்குதுங்க.

குரலில் கோபம் இல்லை. ஆனால், கப்பல் தளத்தில் கிரேன் சத்தத்தை மீறிப் பேசிப் பழகிய குரல். டார்ச் அணைந்தது. "ஏன் தாத்தா?" என்றான் பேரன். "நைட் ஷிஃப்ட்டுடா கண்ணு. ராத்திரி பூரா வேலை பார்த்துட்டு இப்பதான் வந்து படுத்துகினு கீதுங்க. நம்ம வூட்ல இப்டி மூஞ்சில லைட்ட அடிச்சா உங்க ஆயா வுடுமா?"

பக்கத்தில் நின்ற தமிழ்க் குடும்பம் ஒன்று சிரித்தது. ஆனால் அதற்குப் பிறகு அவர்களும் தாழ்ந்த குரலில்தான் பேசிக்கொண்டு போனார்கள். அந்த அமைதி அடுத்த கூட்டம் படியிறங்கும் வரைக்கும் இருந்தது.

தூக்கத்தின் விலை

பொர்ராவில் இருப்பதாகப் பதிவாகியிருப்பது பழம் தின்னும் வௌவால் இனம், 'ரௌசெட்டஸ் லெஷனால்டி'. பெரும்பாலான பழந்தின்னி வௌவால்கள் கண்ணையும் மூக்கையும் நம்பிப் பறப்பவை. இந்த இனமோ நாக்கைச் சொடுக்கி, அந்த ஒலி பாறையில் பட்டுத் திரும்புவதைக் கேட்டு இருட்டில் வழி கண்டுபிடிக்கும். இரவில் வெளியே போய் நாவல், மா, சீத்தாப்பழம் தின்னும். இலவம்பூவில் தேன் குடிக்கும். போகிற வழியெல்லாம் விதை போடும், பூவுக்குப் பூ மகரந்தம் கொண்டுபோகும். பெரும்பாலான வௌவால்கள் ஒரு பிரசவத்துக்கு ஒரே ஒரு குட்டிதான் ஈனும். தாய் பதறிப் பறக்கும்போது குட்டி பிடி தவறி விழுந்தால், அந்தத் தடவை அவ்வளவுதான்.

அன்றிரவு விடுதியிலிருந்து அமெரிக்காவில் இருக்கும் மகனோடு வீடியோ காலில் பேசினார்கள். அவர் கென்டக்கி மாநிலத்தில் வேலை பார்க்கிறார். அங்கேதான் உலகத்திலேயே நீளமான மாமத் குகை இருக்கிறது; அளந்தது மட்டுமே 680 கிலோமீட்டருக்கு மேல். பேரன் வௌவால் கதையைச் சொன்னதும், "இங்கே குகையைப் பார்த்துட்டு வெளியே வந்தா, எல்லாரும் மருந்துத் தண்ணியில நனைஞ்ச மிதியடி மேல நடந்துதான் போகணும் தெரியுமா?" என்றார் அவர். அதற்குப் பின்னால் ஒரு சோகக் கதை இருக்கிறது.

குளிர் நாடுகளில் பூச்சி தின்னும் வௌவால்கள் பல, குளிர்காலம் முழுவதும் குகையில் உறங்கும். பனியில் பூச்சி ஏது? அதனால் இலையுதிர் காலத்திலேயே தின்று கொழுத்து, பிறகு அந்தக் கொழுப்பை மட்டும் வைத்துக்கொண்டு வசந்தம் வரை தாக்குப்பிடிக்கும். பறக்கும்போது நிமிடத்துக்குப் பல நூறு முறை துடிக்கிற இதயம், அந்த உறக்கத்தில் இருபது முறைக்கும் கீழே இறங்கிவிடும். உடம்பு, குகைச் சுவரின் குளிர்ச்சிக்கே வந்துவிடும். பத்துக் கிராம்கூட இல்லாத உயிர், ஐந்தாறு மாதத்தை இப்படித்தான் கடக்கிறது. இடையில் எழுந்தால் உடம்பை மறுபடி சூடேற்ற வேண்டும். சேமித்த கொழுப்பில் பெரும்பகுதி இந்த விழிப்புகளுக்கே செலவாகிறது. மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்துகிறவருக்குத் திடீர் ஆஸ்பத்திரிச் செலவு வருவது மாதிரி. ஒன்றிரண்டைச் சமாளிக்கலாம். அடுத்தடுத்து வந்தால் மாசக் கடைசியில் கையில் ஒன்றும் இருக்காது.

2006 பிப்ரவரியில் நியூயார்க் மாநிலத்தில், ஹௌ கேவர்ன்ஸ் என்ற புகழ்பெற்ற சுற்றுலாக் குகையோடு சேர்ந்த ஹௌஸ் குகையில், மூக்கில் மாவு அப்பியது மாதிரி வெள்ளை படிந்த வௌவால்களை ஒருவர் படம் எடுத்தார். அது ஒரு பூஞ்சை. குளிரில் வளர்வது, உறங்கும் வௌவாலின் மூக்கிலும் இறக்கையிலும் படர்ந்து, அதை அடிக்கடி எழுப்பிவிடும். எழுந்த வௌவால் பசியோடு வெளியே பறக்கும். வெளியே பனி. 'வெண்மூக்கு நோய்' என்று பெயர் வைப்பதற்குள் அது பரவிவிட்டது. 2012-ல் அமெரிக்க வனவிலங்குத் துறை சொன்ன மதிப்பீட்டின்படியே, இறந்தவை குறைந்தது 57 லட்சம். அடுத்த ஆண்டு மாமத் குகைத் தேசியப் பூங்காவிலும் நோய் கண்டுபிடிக்கப்பட்டது.

இந்தப் பூஞ்சை ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் முன்பே இருந்தது. அங்கத்திய வௌவால்கள் அதைத் தாங்கிப் பழகியவை. அது அமெரிக்காவுக்கு மனிதர்களின் காலணியிலோ கருவியிலோ ஒட்டிக்கொண்டு போயிருக்கலாம் என்பதுதான் ஆய்வாளர்களின் கருத்து. மிதியடி அதற்காகத்தான். மனிதருக்கு அந்த நோய் வராது. வெப்பமான நம் தென்னாட்டுக் குகைகள் அந்தப் பூஞ்சைக்கு ஏற்ற இடமும் அல்ல. இங்குள்ள வௌவால்கள் மாதக்கணக்கில் உறங்குவதும் இல்லை. ஆனாலும் ஒரு விஷயம் இரண்டு இடத்துக்கும் பொது. வௌவாலை அழிக்கத் துப்பாக்கி வேண்டியதில்லை. தூங்க விடாமல் செய்தாலே போதும்.

சங்கு இல்லாத ஷிஃப்ட்

"வெளிச்சமே இல்லாத குகையில ராத்திரி ஆயிடுச்சுன்னு அதுங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று பேரன் கேட்டான். பெரியவருக்குப் பதில் தெரியவில்லை. வடசென்னையில் ஒரு காலத்தில் பி அண்ட் சி மில்லின் சங்கு ஊதினால் ஊரே நேரம் பார்க்கும். வௌவாலுக்கு யார் ஊதுவார்கள்?

இந்தக் கேள்விக்கு விடை தேடியவர்கள் மதுரைக்காரர்கள். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் உயிரினங்களின் உடல்கடிகாரத்தை ஆராய்ந்த எம்.கே. சந்திரசேகரன், ஜி. மாரிமுத்து ஆகியோரின் குழு 1981-ல் ஓர் ஆய்வை வெளியிட்டது. பூச்சி தின்னும் வௌவால் ஒன்றை வெளிச்சமே புகாத குகையில் தனியாகக் கூண்டில் வைத்தால், அது தன் போக்கில் ஒரு நேரத்தில் விழித்து ஒரு நேரத்தில் தூங்கும். நாளாக நாளாக வெளியுலகின் இரவு பகலோடு அது ஒத்துப்போகாது. அதே கூண்டைக் கூட்டமாக வௌவால்கள் வாழும் குகையில் வைத்தால், வெளிச்சம் தெரியாமலேயே மற்றவை வேலைக்குக் கிளம்பும் நேரத்துக்குத் தானும் பரபரக்கும். பக்கத்து வீட்டுக்காரர் டிபன் பாக்ஸை மூடும் சத்தம் கேட்டு நேரம் தெரிந்துகொள்வது மாதிரிதான். ஒன்றை வைத்துத்தான் இன்னொன்று. கூட்டத்தைக் கலைத்தால் கடிகாரமும் கலையும்.

இவ்வளவு உழைக்கும் உயிருக்கு நம் சட்டத்தில் கிடைத்திருந்த இடம் என்ன தெரியுமா? 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் காகம், எலி, சுண்டெலியோடு பழந்தின்னி வௌவால்களும் 'தொல்லை தரும் உயிரினங்கள்' பட்டியலில் இருந்தன. அதாவது, கொன்றால் கேள்வி கிடையாது. 2022-ல் வந்த திருத்தம்தான் அந்தப் பட்டியலையே எடுத்தது. அதற்கு ஐம்பது ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

மரத்துக்குக் கீழே ஒரு கூட்டம்

ஊர் திரும்பியதும் காகிதம் மறுபடி வந்தது. ஞாயிற்றுக்கிழமை மாலை, மரத்தடியிலேயே கூட்டம். பெரியவர் குகைக் கதையைச் சொன்னார். கேட்டவர்கள் ரசித்தார்கள். ஆனால் கீழ் வீட்டுப் பெண் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "எல்லாம் சரிங்க பெரியவரே, எம்புள்ளைக்கு ஏதாச்சும் ஆனா?"

அந்தக் கேள்விக்குக் கதையில் பதில் இல்லை. மகள்தான் படித்து வைத்ததைச் சொன்னாள். 2018-ல் கோழிக்கோட்டில் வந்த நிபாவுக்கு மூலமாகக் கருதப்படுவது, பெரிய பழந்தின்னி வௌவால். வாதாம் மரத்துக்கு வருவது அதைவிட மிகச் சிறிய இனம். அதற்காக மற்ற வௌவால்களிடம் பயமே வேண்டாம் என்றும் சொல்லிவிட முடியாது. 2020-ல் மகாராஷ்டிரத்தின் மகாபலேஷ்வரில் ஒரு குகையில் பிடித்துப் பரிசோதித்ததில், பொர்ராவில் இருக்கும் அதே இனத்திலும் நிபா கிருமியின் தடயம் கிடைத்தது. வௌவாலுக்கும் மனிதருக்கும் நடுவே ஓர் இடைவெளி இருக்க வேண்டும். அது இரண்டு பேருக்குமே நல்லது. கடித்த பழத்தைக் குழந்தை எடுக்காமல் பார்த்துக்கொள்வதும், காலையிலேயே வாசலைக் கூட்டிக் கழுவுவதும் அந்த இடைவெளிதான். மரத்தை வெட்டினால் வௌவால் ஊரைவிட்டுப் போய்விடாது. அடுத்த தெருவில் இருக்கும் நெட்டிலிங்க மரத்துக்குப் போகும்.

ஒரு மணி நேரப் பேச்சுக்குப் பிறகு, வண்டிகளின் மேலே நீண்டிருந்த இரண்டு கிளைகளை மட்டும் கழிப்பது, ஸ்கூட்டர்களை எதிர்ப்பக்கம் நிறுத்துவது, கூட்டுகிறவருக்கு மாதம் கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பது என்று முடிவானது. இரண்டு வீட்டுக்காரர்கள் இன்னும் முறைப்பாகத்தான் இருக்கிறார்கள். கீழ் வீட்டுப் பெண், "ஒரு வருஷம் பார்க்கலாம்" என்று மட்டும் சொன்னார்.

உயிர்களுக்காகச் சத்தத்தைக் குறைத்துக்கொள்வது நமக்குப் புதிதும் அல்ல. சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியில், பறவைகளுக்காக தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. வௌவால்களுக்காக வெடிக்காத ஊர்களும் தமிழ்நாட்டில் உண்டு.

குகைக்குப் போகிறீர்களா?

பொர்ராவோ பேலமோ மேகாலயாவின் மௌஸ்மாயோ, எந்தக் குகைக்குப் போனாலும் சில விஷயங்களை மனதில் வையுங்கள். வௌவால் தெரிந்தால் டார்ச்சைத் தரைப் பக்கம் திருப்புங்கள், ஃப்ளாஷ் வேண்டாம். பிள்ளைகளிடம் உள்ளே போகும் முன்பே சொல்லி வையுங்கள். எச்சம் குவிந்த இடத்தைக் கிளறாதீர்கள்; அதில் வளரும் ஒருவகைப் பூஞ்சை நுரையீரலைப் பாதிக்கக்கூடும். வெளியே வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். ஒரு குகைக்குப் போட்டுப் போன செருப்பை, கழுவாமல் இன்னொரு குகைக்குப் போட்டுப் போகாதீர்கள். வீட்டுக்குள் வௌவால் வந்துவிட்டால் துடைப்பத்தைத் தூக்க வேண்டாம். விளக்கையும் மின்விசிறியையும் அணைத்து ஜன்னலைத் திறந்துவிட்டால் தானாகவே போய்விடும். வெறும் கையால் மட்டும் தொடாதீர்கள். கடித்தாலோ கீறினாலோ உடனே சோப்புப் போட்டு நன்றாகக் கழுவி, அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

பேரன் இப்போது ஒரு நோட்டு வைத்திருக்கிறான். சாயங்காலம் மொட்டை மாடியில் நின்று, கேப்டன் காட்டன் கால்வாய்ப் பக்கம் கொசு பிடிக்க வரும் சின்ன வௌவால்களில் முதல் ஒன்று கண்ணில் படும் நேரத்தை எழுதுகிறான். அக்டோபரிலிருந்து நவம்பருக்குள் அந்த நேரம் பத்து நிமிடத்துக்கு மேல் முன்னால் வந்துவிட்டது. பொழுது சீக்கிரம் சாய்வதால்தான் என்று அவனே கண்டுபிடித்துச் சொன்னான். பெரியவர் அந்தப் பக்கத்துக்கு 'கேட் டைம்' என்று தலைப்புப் போட்டுக் கொடுத்திருக்கிறார். மழை நாட்களைத் தவிர, இதுவரை யாரும் லேட் இல்லை.